றெக்சனுக்குக் கொடுத்துவிட்ட சாமான்கள்

சுவிஸ்காரர் காம்பிங் போவது மனிதரிடமிருந்து தப்பிக்க. நம்மவர் போனால் அது நடக்காது. எந்த ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினாலும் இருபது நிமிடத் தூரத்தில் ஒரு மச்சாளோ சித்தப்பாவோ இருப்பார். வந்த செய்தி நமக்கு முன்னே அவர் வீட்டுக்குப் போயிருக்கும். போய்ப் பார்க்காமல் திரும்பினால் ஆயுளுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். போனால் சாப்பிடாமல் விடமாட்டார்கள். ஆகவே காம்பிங் என்று போய், இரவு படுக்க மட்டும் ஏரிக்கரைக்குத் திரும்புகிற ஒரே சாதி உலகத்தில் நாம்தான்.

பீல் நகரத்து ஞானப்பிரகாசம் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார். கைக்கடிகாரக் கூடுகளுக்கு மெருகேற்றும் தொழிற்சாலையில் தோள்மூட்டு தேயும்வரை நின்றவர், முன்கூட்டியே ஓய்வு கிடைத்ததும் ஒரு பழைய வோன்மொபில் வாங்கினார். கட்டிலும் அடுப்பும் கக்கூசும் உள்ளேயே இருக்கிற வண்டி. சொந்தக்காரரின் மாடிவீட்டுச் சந்துகளுக்குள் அது நுழையாது. அதனால் அதன் பின்னால் ஒரு ட்ரெய்லரைக் கொழுவி, ட்ரெய்லரின் மேல் மனைவி அஞ்சலாவின் சின்னக் காரை ஏற்றிக்கொண்டு போவார். காம்பிங்கில் காரை இறக்கினால் அஞ்சலா சொந்தங்களைப் பார்த்து வருவாள். அவர் கதிரையைப் போட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முன்பெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள். மகன் றெக்சன் வீட்டைவிட்டுப் போன பிறகு ஞானப்பிரகாசம் ஒரு வீட்டுப் படியும் ஏறவில்லை.

அஞ்சலா மன்னார்க்காரி. அகதியாக வந்து, முதியோர் இல்லத்துச் சமையலறையில் பெரிய பெரிய சட்டிகளோடு மல்லுக்கட்டி, நாற்பது வயதுக்கு மேல் மூன்று தரம் பெயிலாகிக் கார் லைசென்ஸ் எடுத்தவள். வாய் ஓயாத மனுசி. சமையலறையில் நின்ற போர்த்துக்கல்காரிகளுக்கே தமிழில் ஏசப் பழக்கியவள். அந்த வாய் இப்போது தேவைக்கு மட்டும் திறந்தது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். ஞாயிறு பூசையில் எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பினாள். உள்ளே ஒன்றும் இல்லை. பல்லுக் கொதிக்கு ஊசி போட்டால் கன்னம் இருப்பதே தெரியாதே, அவளுக்கு முழு உடம்பும் அப்படி இருந்தது.

நடந்தது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. றெக்சனுக்குச் சரணியா என்ற பெண்ணோடு பழக்கம். இவர்கள் கத்தோலிக்கர், அவள் சைவக்காரி, விவாகரத்தானவள், மிதுஷா என்று ஒரு சின்னப் பிள்ளையும் இருந்தது. இந்த மூன்றையும் ஒரே நாளில் கேட்ட ஞானப்பிரகாசம், "அவளோடைதான் இருக்கப்போறாயெண்டால் இந்தப் படி மிதியாதை" என்றார். மகனுக்கும் அதே இரத்தம்தானே. பையைத் தூக்கிக்கொண்டு ஃப்ரிபூர்க் நகரத்துக்குப் போய்விட்டான். அஞ்சலா இடையில் நின்றாள். அவள் சொல்ல நினைத்தது எதுவும் வாய்க்கு வரவில்லை. அவன் வாசலைத் தாண்டினபோதும் வரவில்லை. இரண்டு வருடமாகியும் வரவில்லை. மகன் இனித் தனக்கு இல்லையோ என்ற ஒரே பயம் மட்டும் அடியில் கிடந்தது.

ஊருக்குச் சொல்லவில்லை. வெளியே தெரிந்தால் வெட்கம் என்று புருசன் முடிவெடுத்தார், அவளும் ஓம் என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது. அந்தச் சோற்றைப் பரிமாறுகிற பொறுப்பு அவளுடையதானது.

"றெக்சன் என்ன செய்யிறான்?" என்று போகிற வீடெல்லாம் கேட்பார்கள்.

"இருக்கிறான். வேலை கூடிப்போச்சு."

அதோடு விட்டால் பரவாயில்லை. நம்மவர் வீட்டிலிருந்து வெறுங்கையோடு யாரும் திரும்பியதுண்டா? ஆராவ் நகரத்தில் கடை வைத்திருக்கும் மாமி, அவன் சின்னனிலே விரும்பித் தின்றவன் என்று ஒரு மூட்டை சிவப்பரிசியைக் காரில் ஏற்றிவிட்டா. "இது றெக்சனுக்கு, நீங்கள் பிரிக்கக்கூடாது" என்று வேறு சொன்னா. செங்காலன் நகரத்துச் சித்தப்பா வறுத்தரைத்த மிளகாய்த்தூள் கொடுத்தார். லுகானோ மச்சாள் நல்லெண்ணெய்ப் போத்தல்கள், பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா, போதாததற்கு ஒரு இடியப்ப உரல். வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் அது ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். அஞ்சலா வாங்கினாள். வாங்கியதை வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது, புருசன் கேட்பார். தின்ன முடியாது, அது பிள்ளையுடையது. எறிய ஏலுமா? உணவை எறிந்த கை விளங்குமா? எல்லாவற்றையும் காரின் டிக்கியில் அடுக்கி, மேலே ஒரு கம்பளியைப் போட்டாள். போட்டதும் மறந்துவிட்டாள். மறப்பது அவளுக்கு அப்போது வெகு சுலபமாக வந்தது.

இந்த ஆவணியில் லொசானுக்குப் பக்கத்து ஏரிக்கரையில் ஒரு கிழமை நின்றார்கள். லொசானில் இருக்கும் குலேந்திரன் அண்ணை புறப்படும் நாளில் இரண்டு மூட்டை அரிசியும் ஒரு பெட்டி தேங்காயும் றெக்சன் பேரில் ஏற்றிவிட்டார். "தம்பி அங்கை தனியச் சமைக்கிறானோ என்னவோ" என்று பொதுவாக ஒரு வார்த்தை சொன்னார். அஞ்சலா அதைக் காதில் வாங்கவில்லை. திரும்பி வந்து, வழமைபோல் காரை ட்ரெய்லரில் ஏற்றினாள். கார்ச் சில்லு எங்கே நிற்க வேண்டும் என்று ஞானப்பிரகாசம் வெள்ளைக்கோடு போட்டு வைத்திருந்தார். கோட்டில் நின்றது. பட்டி போட்டு இறுக்கினார். பாரம் முன்பக்கம் கொஞ்சம் அழுத்த வேண்டும், பின்பக்கம் இழுத்தால் ட்ரெய்லர் வாலாட்டும் என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் கோடு போட்ட காலத்தில் டிக்கி காலியாக இருந்தது.

மலையேற்றத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏறி முடித்து நெடுஞ்சாலை இறங்கத் தொடங்கியதும் பின்னால் ஏதோ இடுப்பைப் பிடித்து உலுப்பியது. முதலில் மெதுவாக. பிறகு வோன்மொபிலே ஒரு கோட்டிலிருந்து மற்றக் கோட்டுக்குப் போய்வந்தது. அலுமாரி திறந்து கோப்பைகள் கொட்டின. பக்கத்து லொறிக்காரன் ஹோர்னை விடாமல் அடித்தான். ஞானப்பிரகாசம் "யேசுவே, யேசுவே" என்றபடி பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கை அசையாமல் பிடித்து, அக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தார். வேகம் விழுந்து விழுந்து ஆட்டம் நின்றது.

அஞ்சலா கண்ணாடியில் தன் காரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலமும் இடமும் அது வீசுப்பட்டதைப் பார்த்தாள். பயம் வரவில்லை. சாகப்போகிறோம் போலிருக்கு என்று நினைத்தாள், சந்தையில் வெண்டிக்காய் முடிந்துவிட்டது போலிருக்கு என்று நினைக்கிற மாதிரி. ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தி, புருசன் சிலுவை அடையாளம் போடுவதைக் கண்ட பிறகுதான், பயப்படாத தன்னை நினைத்து அவளுக்குப் பயம் வந்தது.

ஞானப்பிரகாசம் இறங்கிப் போய்க் கொழுக்கியைப் பார்த்தார், பட்டிகளைப் பார்த்தார், ரயரைக் குத்திப் பார்த்தார். காரின் பின்பக்கம் குந்தியிருப்பது கண்ணில் பட்டதும் டிக்கியைத் திறந்தார். கம்பளியை இழுத்தார்.

"உதென்ன?"

"சாமான்."

"ஆருடைய சாமான்?"

அவர் ஒரு மூட்டையைப் புரட்டினார். ஆராவ் மாமி கறுப்புப் பேனையால் பெரிதாக எழுதியிருந்தா: றெக்சன். பக்கத்துப் பெட்டியிலும் அதுதான். எண்ணெய்ப் போத்தலில் ஒட்டியிருந்த காகிதத்திலும் அதுதான். இரண்டு வருடமாக வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர் டிக்கி நிறையக் கிடந்தது.

"எவ்வளவு நாளா வைச்சிருக்கிறீர்?"

"தந்த நாளிலையிருந்து."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் என்ன செய்திருப்பியள்?"

அவர் தேங்காய்ப்பெட்டியைத் தூக்கி வோன்மொபிலுக்குள் வைக்கப் பார்த்தார், தோள் இடம் கொடுக்கவில்லை. பெட்டியைத் தரையில் வைத்து அதன் மேலேயே இருந்துவிட்டார். "இந்தப் பாரத்தோடை பீல் வரைக்கும் போகேலாது" என்றார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ஃப்ரிபூர்க் கிட்டத்தானே" என்றார்.

அதைச் சொல்ல அந்த மனிதனுக்கு எவ்வளவு பாரம் தேவைப்பட்டிருக்கிறது பாருங்கள்! அரிசியும் தேங்காயும் இடியப்ப உரலும் சேர்ந்து நெடுஞ்சாலையில் ஆளைக் கொல்லப் பார்க்க வேண்டியிருந்தது.

பாதிச் சாமானை உள்ளே மாற்றி, ஊர்ந்து ஊர்ந்து ஃப்ரிபூர்க் வந்து, நகரத்து ஓரத்தில் ஒரு பெரிய வாகனத் தரிப்பிடத்தில் நின்றார்கள். காரை இறக்கி, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினார்கள். "நான் வரேல்லை" என்றார் ஞானப்பிரகாசம். அஞ்சலா வற்புறுத்தவில்லை. முகவரி அவருக்கும் அவளுக்கும் தெரியும். இரண்டு தடவை அவள் அந்தத் தெருவால் காரை நிறுத்தாமல் ஓட்டிப் போயிருக்கிறாள்.

கதவைத் திறந்தது றெக்சன்தான். தாடி வைத்திருந்தான், கொஞ்சம் கொழுத்திருந்தான். அஞ்சலா ஒத்திகை பார்த்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. "சாமான் கிடக்கு, கீழை காரிலை. சொந்தக்காரர் தந்துவிட்டவை" என்று கடைக்குச் சரக்கு இறக்க வந்தவளைப்போலச் சொன்னாள். அவன் இறங்கி வந்தான். மூட்டைகளைத் தோளில் வைத்து மேலே ஏற்றினான். சரணியா பெட்டிகளைத் தூக்கினாள். சின்னப் பிள்ளை மிதுஷா இடியப்ப உரலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியேறியது.

எல்லாம் குசினியில் குவிந்த பிறகு அஞ்சலா, "உனக்கெண்டு தந்ததுகள். கொண்டு வந்து தர வசதிப்படேல்லை. ஆருக்கும் ஒண்டும் தெரியாது, அதாலை மறுக்கவும் ஏலாமல் போச்சு" என்றாள்.

றெக்சன் தாயை நிமிர்ந்து பார்த்தான்.

"எல்லாருக்கும் தெரியும், அம்மா."

"என்ன தெரியும்?"

"நான் இங்கை இருக்கிறது. அப்பா போகச் சொன்னது. எல்லாம். மாமி அரிசி ஏத்திவிட்ட அண்டைக்கே எனக்கு ஃபோன் எடுத்தவ. அம்மாட்டைக் குடுத்துவிட்டிருக்கு, கொண்டு வருவா, வீட்டிலை நில்லு எண்டா. சித்தப்பாவும் எடுத்தவர். மச்சாளும் எடுத்தவ. குலேந்திரன் மாமா இண்டைக்குக் காலமை எடுத்தவர்." அவன் ஒரு மூட்டையின் வாயைத் தேவையில்லாமல் இறுக்கினான். "ஒவ்வொரு முறையும் நான் வீட்டிலைதான் நிண்டனான்."

அஞ்சலா அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். அழுகை அவளே எதிர்பாராத ஒரு பெரிய சத்தமாக வெளியே வந்தது. மிதுஷா பயந்து தாயின் பின்னால் ஒளிந்தது. வலித்தது. இரண்டு வருடத்து வலி ஒரே மூச்சில் வந்து, உயிர் போவதுபோல் வலித்தது.

அழுது முடியாமலே ஃபோனை எடுத்துப் புருசனைக் கூப்பிட்டாள். "இஞ்சருங்கோ. சொந்தக்காரர் எல்லாருக்கும் தெரியுமாம். நாங்கள் கொண்டு வருவம் எண்டுதான் தந்தவையாம். இவன் ஒவ்வொரு முறையும் எங்களைப் பாத்துக்கொண்டு வீட்டிலை நிண்டவனாம்."

மறுபக்கத்தில் வண்டிக் கதவு திறந்து மூடுவது கேட்டது.

"எத்தினையாம் மாடி?" என்று கேட்டார் ஞானப்பிரகாசம்.