அத்தையைத் தாண்டிய வருஷம்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பன்னிரண்டு வயதில், ஒரு மனுஷி உள்ளுக்குள் இடிந்துகொண்டிருந்ததை என் வளர்ச்சி என்று நினைத்து, மயிலாப்பூரில் நாலு வீட்டுக்குச் சாக்லேட் கொடுத்தவன் நான்.

மனுஷி என் அத்தை, அப்பாவின் அக்கா. கல்யாணமாகாதவள். ஏதோ கட்டி என்று முப்பத்தைந்து வயதிலேயே கர்ப்பப்பையோடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். தி.நகரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வகுப்பிலேயே குள்ளனான நான் மாதம் தவறாமல் அவளோடு முதுகோடு முதுகு ஒட்டி நின்று உயரம் பார்ப்பேன். தலைக்கு மேல் ஸ்கேல் வைப்பது அம்மா. அந்த வருஷம் மளமளவென்று ஏறி, ஆடி மாதம் அத்தையைத் தாண்டினேன்.

அத்தைக்கு அப்போது முதுகுவலி. பஸ்ஸில் மேல்கம்பி எட்டவில்லை என்றும் சொன்னாள்.

"இப்பல்லாம் பஸ்ஸை ஒசத்திக் கட்டறான், அக்கா," என்றார் அப்பா.

வலி வாயுப்பிடிப்பு என்று முடிவாயிற்று. எங்கள் வீட்டில் வாயுவுக்குப் பெருங்காயம்; அதற்கும் அடங்காவிட்டால் பையனை விட்டு மிதிக்கச் சொல்வது. ஞாயிறுதோறும் அத்தை குப்புறப் படுப்பாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் முதுகில் நடப்பேன்.

"நன்னா அழுத்தி மிதிடா. அத்தையைவிட ஒசந்துட்டா போறுமா, வெயிட் வேண்டாமா?" என்பாள் அத்தை.

மூன்றாவது ஞாயிறு, காலடியில் அப்பளம் நொறுங்கியது போல ஒரு சத்தம்.

"சொடக்கு விழுந்துடுத்து. இனிமே சரியாயிடும்," என்றாள் அம்மா.

அத்தை எழுந்திருக்கவில்லை.

அடையாறில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். முதுகெலும்பில் மூன்று கணுக்கள் நசுங்கியிருந்தன. இரண்டு பழசு, ஒன்று புதுசு.

"சின்ன வயசுலயே அந்த ஆபரேஷன் ஆனா எலும்பு இப்படித்தான் அரிச்சுப்போகும். உயரம் குறைஞ்சிருக்குமே, வீட்ல யாரும் கவனிக்கலையா?"

"இல்லையே டாக்டர்," என்றார் அப்பா.

மாதாமாதம் அளந்தவன் பக்கத்திலேயே நின்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பெரியவர்கள் வளர்ந்து முடித்தவர்கள், சுவர் மாதிரி நின்ற இடத்தில் நிற்பார்கள், ஏறுவதெல்லாம் நாம்தான் என்று நம்பியிருந்தேன். டாக்டர் வேறு யாரையோ பற்றிப் பேசுகிறார் என்றுகூட நினைத்தேன்.

அத்தை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இடுப்புப் பட்டையும் வந்தன, முதுகு நிமிரவில்லை. மிச்சமிருந்த வருஷங்களில் தரையைப் பார்த்தபடிதான் நடந்தாள். என்னோடு பேச வேண்டுமானால் கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கண்ணால் மேலே பார்ப்பாள். மிதித்ததைப் பற்றி அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அந்தத் தீபாவளிக்குப் பாண்டி பஜார் தையற்காரரிடம் போனோம். நன்றாக வளர்ந்துவிட்டேன், பேன்ட்டை நீளமாகத் தைக்க வேண்டும் என்று நானே சொன்னேன். அவர் இரண்டு முறை அளந்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அப்பாவிடம் சொன்னார்:

"போன வருசம் தெச்சதே பத்தும் சார். பையன் அதே அளவுலதான் கீறான்."