மாதேவியின் ஓட்டைப் பாத்திரம்

சுப்ராய ஹெக்டே இரண்டு நாளாக டீத்தூளை மென்று விழுங்குகிறார் என்று பால் டிப்போவில் பேச்சு. வடிகட்டியை அவர் மனைவி பாகீரதி மண்ணில் புதைத்துவிட்டாளாம். ஏதோ மாந்திரீகம் என்றார்கள். மலைநாட்டுச் சிர்சிப் பக்கத்து ஆனி மழையில் வீட்டுக்குள் அடைபட்டவர்களுக்கு இது போதாதா?

போய்ப் பார்த்தால், புதைக்கவில்லை, கவிழ்த்திருந்தாள். ஹெக்டேயும் டீத்தூளை விழுங்கவில்லை, முற்றத்தில் துப்பினார்.

பாகீரதிக்கு இந்த வருஷம் ஒரே ஒரு வெள்ளரிக்காய் வேண்டும். பிள்ளையார் சவுத்திக்குச் சாமியின் தலைக்கு மேல் காய்கனி கட்டித் தொங்கவிடும் மரச்சட்டத்தில், தன் கொல்லையில் காய்த்தது தொங்க வேண்டும். போன வருஷம் கடைக்காயைக் கட்டியிருந்தாள். பக்கத்து வீட்டு மாதேவி அண்ணாந்து பார்த்து, "இது பஸ்ல வந்ததா பாகீ? டிக்கெட் எடுத்துச்சா?" என்று கேட்டாள். பூசையிலிருந்த ஹெக்டே மந்திரத்தை விட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை பாகீரதி இன்னும் மன்னிக்கவில்லை.

எட்டு விதையில் ஏழு முளைத்தன. மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில் செவ்வண்டுகள் வந்து நான்கைத் தின்றன. சாம்பல் தூவினாள், அடுத்த மழை கழுவிக்கொண்டு போயிற்று. மிஞ்சிய மூன்றில் ஒன்றின்மேல் டீ வடிகட்டியைக் கவிழ்த்தாள். இரண்டாவதன்மேல் சாப்பாட்டில் ஈ மொய்க்காமல் மூடும் வலைக்கூடை. மூன்றாவதற்கு வீட்டில் ஒன்றும் தேறவில்லை. மாதேவியிடமே போய், "நாளைக்கே தந்துடறேன் அக்கய்யா" என்று கீரை அலசும் ஓட்டைப் பாத்திரத்தை வாங்கி வந்தாள். எதற்கென்று சொல்லவில்லை.

அதன் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பால் பொங்கும். அவள் கொல்லையில் குனிந்திருப்பாள்.

"செடி எங்க ஓடிப்போகப் போகுது? கொஞ்சம் உக்காரேன்டி!" என்பார் ஹெக்டே.

"நான் உக்காந்தா வண்டு உக்காந்துடும்."

மூன்றாம் நாள் வடிகட்டியைத் தூக்கினால் வெறும் தண்டு. பக்கத்தில் கொழுத்த செவ்வண்டு ஒன்று, விருந்தாளி மாதிரி.

"மூடறதுக்கு முன்னால உள்ள பாத்தியா?" என்றார் ஹெக்டே.

"வெளியில இருந்துதானே வரும்னு நெனச்சேன்."

"காவலும் போட்டுச் சாப்பாடும் போட்டிருக்க."

வடிகட்டி அடுக்களைக்குத் திரும்பியது. இரண்டாவது கன்றை வண்டு தொடவே இல்லை. பாகீரதிதான் மணிக்கொரு தரம் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். ஒரு தரம் கூடையின் விளிம்பு இடித்துத் தண்டு முறிந்தது.

மூன்றாவதை அவள் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் உள்ளே பார்த்து, வண்டில்லை என்று உறுதி செய்து மூடினாள். உடனே ஹெக்டே பாத்திரத்தின்மேல் ஒரு செம்பாறைக் கல்லை வைத்தார்.

"இதை நீ தொட்டா, சவுத்திக்கு நானே பஸ் ஏறிப் போய்க் காய் வாங்கிட்டு வருவேன்."

அவள் தொடவில்லை. சுற்றிச் சுற்றி வந்ததில் அந்த இடத்தில் புல்லே முளைக்கவில்லை. இருபது நாளில் கொடி தானாகவே ஓட்டைகள் வழியே வெளியேறி, கல்லையும் பாத்திரத்தையும் சுற்றி வளைத்துக்கொண்டது. இலை முற்றியதும் வண்டுகளுக்கு ஆர்வம் போய்விட்டது. ஆவணியில் பூ வந்து, விரல் நீளத்தில் ஒரு பிஞ்சும் வந்தது.

சவுத்திக்குப் பத்து நாள் இருக்கையில் மாதேவி வந்தாள்.

"பாகீ, உன்னோட 'நாளைக்கு' எப்ப வரும்? மாப்பிள்ளை வர்றான், கீரை அலசணும்."

பாகீரதி கொல்லையைக் காட்டினாள். மாதேவி குனிந்து இழுத்துப் பார்த்தாள். கொடி கூடவே வந்தது.

"ஐயோ அக்கய்யா, மெதுவா! ஒண்ணே ஒண்ணுதான்!"

மாதேவி பிஞ்சைப் பார்த்தாள். பாகீரதியின் முகத்தைப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டாள்.

"இது டிக்கெட் எடுக்காது போல."

சவுத்தியன்று சட்டத்தின் நட்டநடுவே அந்த வெள்ளரி தொங்கியது. ஹெக்டே ஒரு மந்திரத்தையும் விடவில்லை. பாகீரதி புதுப் பாத்திரம் ஒன்றை நீட்டினாள்.

"இதோட ஓட்டையெல்லாம் பொடிசு. எனக்கு என்னோடதுதான் வேணும்" என்றாள் மாதேவி.

கொடியில் இன்னும் மூன்று பிஞ்சு விட்டிருக்கிறது. மாதேவி கீரையை மூங்கில் கூடையில் கொட்டி அலசுகிறாள். வேலியோரம் போகும்போதெல்லாம் பாத்திரத்தைக் குச்சியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறாள்.