இடமாகச் சுற்றிய வாரம்

இரண்டாம் உலகப் போர் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. விமானம் ஓட்ட நான் ஆசைப்பட்டதைவிட, என் கணவர் அதற்குச் சரி என்றதுதான் மயிலாப்பூரில் பெரிய செய்தி. மொட்டை மாடியிலிருந்து தெருவை எட்டிப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும். ஆனாலும் வாரம் இரண்டு நாள் விடியற்காலையில் மாம்பலத்தில் என்னோடு ரயிலேறி, மீனம்பாக்கம் மைதானத்துக்குத் துணைக்கு வருவார்.

பயிற்சியாளர் என்னைவிட இளையவர், போரில் பறந்தவர். விமானத்தில் முன் இருக்கையில் அவர், பின்னால் நான். ஒன்றைத் தவிர எல்லாம் எனக்குச் சுலபமாக வந்தது. மைதானத்தைச் சுற்றும்போது எல்லா விமானங்களும் இடது பக்கமே திரும்ப வேண்டும். என் கை மட்டும் வலது பக்கம் போகும். ஒரு நாள் அப்படித் திரும்பி, எதிரே வந்த இன்னொரு விமானத்தின் வழியில் புகுந்துவிட்டேன். அவர் சட்டென்று திருப்பியதால் தப்பித்தோம்.

இறங்கியதும், “அடுத்த வாரமும் இப்படித் திரும்பினீங்கன்னா தனியா பறக்க அனுப்ப மாட்டேம்மா. பயிற்சியையே நிறுத்திடுவேன்,” என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வரும். திரும்புகிற ரயிலில் என் கணவருக்கு இரண்டும் கிடைத்தன.

வெள்ளிக்கிழமை கபாலீஸ்வரர் கோயிலில் பிராகாரம் சுற்றிக்கொண்டிருந்தோம். பாதியில் என் கணவர் நின்று சிரிக்க ஆரம்பித்தார்.

“உன் கைமேல தப்பே இல்லை. நடக்கத் தெரிஞ்ச நாள்லேர்ந்து வலமாவே சுத்திண்டிருக்கே. திடீர்னு இடமா சுத்துன்னா அது கேக்குமா?”

மறுநாளே மாடியில் ஒரு வாளியைக் கவிழ்த்துவைத்து, அதை இடமாகச் சுற்றச் சொன்னார். கைகளை விரித்துக்கொண்டு சுற்றினேன். வடாம் காயவைக்க வந்த மாமியார் திகைத்துப்போனார்.

“கார்த்தாலேயே என்னடி இது, அப்பிரதட்சிணமா சுத்திண்டு?”

“அம்மா, அது ஸ்வாமி இல்லை, வாளி,” என்றார் இவர்.

மாமியார் ஓரமாக வடாத்தைப் பரப்பினார். “சரி, வடாத்தை மிதிச்சுடாதே,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்த வாரம் முழுக்கச் சுற்றினேன்.

அடுத்த முறை மூன்று சுற்று என்னோடு வந்துவிட்டு, பயிற்சியாளர் இறங்கிக்கொண்டார். “ஒரே ஒரு சுற்று. போயிட்டு வாங்க.”

எப்போதும் முன்னால் தெரியும் தலை இல்லை. கனம் குறைந்த விமானம் துள்ளி எழுந்தது. பரங்கிமலை கீழே இறங்கியது, தூரத்தில் கடல் தெரிந்தது. திரும்ப வேண்டிய இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கை தானாக இடது பக்கம் சாய்ந்தது. சந்தோஷம் தாங்காமல் வாய்விட்டுச் சிரித்தேன். அடக்கச் சொல்ல அங்கே யாருமில்லை.

கொஞ்சம் குதித்துத்தான் இறங்கினேன். விமானம் நின்றதும் பயிற்சியாளரோடு என் கணவரும் ஓடிவந்தார். அவர் கன்னமெல்லாம் ஈரம். “ஆத்துக்குப் போலாமா?” என்றார்.

நான் இருக்கையைவிட்டு எழவில்லை. “இன்னொரு தரம் போகட்டுமா?” என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். பிறந்ததிலிருந்து எனக்கென்று எதையும் இரண்டாம் முறை கேட்டவள் இல்லை நான்.