எட்டாயிரம் மில்லிகிராம்

காக்களூரில் மாத்திரை செய்யும் சின்னக் கம்பெனியில் மருந்துப் பொடி நிறுப்பவர் துளசிராமன். கண்ணாடிக் கூண்டுத் தராசின் முன்னால் மூச்சைக்கூட அளந்து விடுவார். மில்லிகிராமுக்கு மேல் எதுவும் அவர் வாயில் வராது. மணவாள நகரில் வீட்டுக்கு வந்தாலும் அதே வியாதிதான்.

"ரசத்துல முந்நூறு மில்லிகிராம் உப்பு கம்மி."

"நாக்கா, தராசா அது?" என்பாள் மனைவி லட்சுமியம்மாள்.

1971இல் மகள் செல்வியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பரசுராமன், ஆறு ஏக்கர் நெல் நிலம் உள்ளவர். கிலோ வந்த புதிதில் களத்துமேட்டில் நின்றுகொண்டு ஊருக்கே மெட்ரிக் பாடம் நடத்தியவர். அதை வந்து உட்கார்ந்த ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டார்.

"பொண்ணுக்கு இன்னா போடறீங்க?"

"எட்டாயிரம் மில்லிகிராம் தங்கம்," என்றார் துளசிராமன் வழக்கம்போல.

பரசுராமனின் கண்கள் விரிந்தன. ஆனால், அது எவ்வளவு என்று கேட்டால் களத்துமேட்டு மரியாதை என்னாவது?

"மில்லிகிராம்தானே? எனக்குத் தெரியாததா!" என்று பலமாகத் தலையாட்டினார்.

நிச்சயதார்த்தத்துக்கு இருபது உறவினர்களோடு வந்தார். நகைப்பெட்டி தூக்கக் கட்டுமஸ்தாக இரண்டு ஆட்கள் வேறு. தாம்பூலத் தட்டில் மெல்லிசாக ஒரே ஒரு சங்கிலி இருந்தது.

"மீதி எங்க சம்பந்தி?"

அப்போதுதான் துளசிராமனுக்கு விஷயம் உறைத்தது. கதவுக்குப் பின்னால் செல்வி நின்றிருந்தாள். அவளுக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது.

"ஒரு பவுன்னு சொன்னா வாயி சுட்டுடுமாய்யா?" என்று லட்சுமியம்மாள் பல்லைக் கடித்தாள்.

ஏதாவது பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். நாக்கு வளையவில்லை.

"ஆயிரம் மில்லிகிராம் ஒரு கிராமுங்க. எட்டு கிராம் ஒரு பவுன். என் சக்திக்கு அவ்ளோதான். அன்னிக்கும் அதைத்தான் சொன்னேன்."

இருபது தலைகளும் பரசுராமன் பக்கம் திரும்பின. சண்டை போட்டால் தனக்குக் கணக்குத் தெரியாது என்று தானே தண்டோரா போட்டதாகிவிடும். தொண்டையைச் செருமினார்.

"தெரியாமயா தலையாட்னேன்? ஒரு பவுனு போதும்னுதான் ஒத்துக்கினேன். நாம இன்னா பேராசைக்காரங்களா?"

கூட்டம் உருகிப்போனது. வரதட்சணை கேட்காத மகான் என்று ஊரே கொண்டாடியது. அந்தப் பட்டத்தை அவரும் வேண்டாமென்று சொல்லவில்லை. நகைப்பெட்டி தூக்க வந்த இருவரும் ஆளுக்கு இரண்டு பந்தி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த வருஷம் செல்விக்குத் தாய்வீட்டில் பிரசவம் ஆனது. துளசிராமன் சந்தோஷத்தில் சம்பந்திக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டார். "பேரன் பிறந்திருக்கிறான். தாயும் சேயும் நலம். எடை முப்பது லட்சம் மில்லிகிராம்."

கார்டைப் படித்த பரசுராமன் இந்தத் தடவை தலையாட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்தார்.