குடையோடு வந்த சோள நிபுணர்

தொண்ணூறுகளில் லண்டன் ஆய்வுக்கூடமொன்றில் அவருக்கு உதவியாளனாக இருந்தேன். ஆப்பிரிக்கச் சவன்னாவில் சோளம் விதைக்க உகந்த நாளை அவருடைய கணினி மொடல் சொல்லும். ஒடிசலான மனிதர். வெயில் எறித்தாலும் டூட்டிங்கில் இருந்த வீட்டிலிருந்து குடையோடுதான் வருவார்.

ஒருநாள் ஆப்பிரிக்காவிலிருந்து கடிதம் வந்தது. அவர் குறித்த நாளில் விதைத்தார்களாம். முதல் மழைக்குப் பிறகு துளிகூட விழவில்லை. முளை கருகிவிட்டது, மறுபடி விதைக்க விதையும் இல்லை.

"என்ன பதில் எழுத, அண்ணை?"

"மொடல் பிழையில்லை, தம்பி. சராசரி மழை சரியாத்தான் இருக்கு. அடுத்த வருசமும் அதே திகதியைப் போடும்."

குடையை எடுத்தார்.

"இண்டைக்கு மழையில்லையெண்டு ரேடியோவில சொன்னவங்கள், அண்ணை."

"அவங்கட கதையை நம்பி நனைய நான் என்ன விசரனோ?"

அவர் போனதும் அதே திகதியைத் தட்டச்சு செய்து அனுப்பினேன்.