ஷட்டரைத் திறந்த விஞ்ஞானி

மறையூரிலிருந்து மூணாறு போகும் பஸ்ஸில் அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நரைத்த கிராப்பு, சுருட்டி மடியில் வைத்த ஸ்வெட்டர். பனிக்குப் பயந்து எல்லோரும் ஷட்டரை இறக்கியிருக்க, அவர் மட்டும் அடிக்கடி தூக்கிக் காற்றில் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"குளிருதுல்ல, மூடுங்க," என்றார் பின்னால் இருந்தவர்.

"ரெண்டு நிமிசம்ண்ணே, உள்ள அடுப்பு எரியுது," என்று சிரித்தவர் என்னிடம் திரும்பினார். "முப்பது வருசமா ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன நான் ஆராய்ச்சி பண்ணுனேன். இப்ப அது என்னைய ஆராய்ச்சி பண்ணுதுக்கா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே சூட்டைப் பெரிய வியாதி என்று பயந்து, வீட்டில்கூடச் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதை அவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"மாசாமாசம் வர்றது நின்னுருச்சா?"

"ஆறு மாசமா இல்ல."

"அப்ப இதுவாத்தான் இருக்கும். அந்த ஹார்மோன் கொறையுது, ஒடம்பு தடுமாறுது. டாக்டரப் பாத்துருங்க. ஆனா பயப்படாதீங்க."

"கொறைஞ்சா ஏன் சூடா வரணும்?"

அவர் முகம் மலர்ந்தது. அது குறைந்தால் உடம்புச் சூட்டை மூளை தப்பாகப் புரிந்துகொள்கிறது என்று விளக்கினார். "ஆனா ஒருத்திக்கு எரியுது, இன்னொருத்திக்கு ஒண்ணுமே இல்ல. அது ஏன்னு முழுசாத் தெரியலக்கா. எனக்கும் தெரியாது."

மூணாறில் டாக்டரும் பயப்பட ஒன்றுமில்லை என்றார். அந்த அம்மாவின் பெயரை நான் கேட்கவில்லை. முப்பது வருடம் தேடியும் கிடைக்காத ஒன்றை, அத்தனை சந்தோஷமாகத் தெரியாது என்று சொல்ல அவரால் எப்படி முடிந்தது என்று இன்னும் யோசிக்கிறேன்.