பின்சீட்டு வைத்த காடி

தேயிலைத் தோட்டத்துப் பாதையில் நடந்து போகிற ஆளைத் தாண்டி டொனால்ட் வண்டி ஓட்டினார் என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே எல்லாருமே அப்படித்தான். தானா ராத்தா டவுனுக்குப் போகும் பெரிய ரோட்டைத் தொடும்வரை பாதை மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும். பஸ் உள்ளே வராது, மழை சொல்லிவிட்டு வராது. ஆகவே வண்டி வைத்திருப்பவன் நிறுத்துவான், நடப்பவன் ஏறிக்கொள்வான். கேட்பதும் கிடையாது, நன்றி சொல்வதும் கிடையாது. நிறுத்தாமல் போனவனைப் பற்றி மட்டும் லயத்து வீடுகளில் நாள்கணக்கில் பேசுவார்கள். டொனால்டின் பழைய லேண்ட்ரோவரில் ஆட்களோடு கோழி ஏறும், அரிசி மூட்டை ஏறும், ஒருமுறை ஒரு கல்யாணக் கேக்கும் ஏறியது. அதற்கு "டொனால்ட் பஸ்" என்றே பெயர்.

இந்த மனிதருக்குத்தான் ஸ்போர்ட்ஸ் காடி மேல் ஆசை. காரை அங்கே காடி என்றுதான் சொல்வார்கள். சாதாரண ஆசை இல்லை, பைத்தியம் என்றே சொல்லலாம். தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக வாழ்நாளெல்லாம் வேலை பார்த்தவர். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி படித்துவிட்டுப் போடும் காடிப் பத்திரிகைகளை எண்ணெய்க் கையோடு புரட்டிப் புரட்டியே ஆசையை வளர்த்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் மனைவி கத்தரீனுக்கு அவர் முதலில் காட்டியது குடும்பப் படம் இல்லை, ஒரு சிவப்புக் காடியின் படம். "அன்னைக்கே நான் எந்திரிச்சுப் போயிருக்கணும்" என்று கத்தரீன் இன்றும் சொல்வார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் நின்று நின்று குடும்பச் சுமையில் பாதியைச் சுமந்தவர் அவர். சொல்ல உரிமை உண்டு.

ஓய்வு பெற்று சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும், ஒரே மகள் ஜெனட் மலைக்குக் கீழே ஈப்போவிலிருந்து போன் செய்தாள். அங்கே ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள்.

"அப்பா, ஆசைப்பட்டத வாங்குங்க. நான் வேணாம்னு சொல்லல. ஆனா நாளைக்கு வெல ஏறுற காடியா பாத்து வாங்குங்க. நமக்கு வீடு இல்ல, நெலம் இல்ல. இந்த ஒண்ணுதான் இருக்கு."

அது டொனால்டுக்கு நியாயமாகத்தான் பட்டது. வாடகை வீட்டிலேயே காலம் தள்ளிய தகப்பன், மகளுக்கென்று எதையாவது விட்டுப்போக வேண்டும். அது தன் ஆசையாகவும் இருந்துவிட்டால் கசக்குமா என்ன? வீட்டில் கொட்டகை ஒன்றுதான். லேண்ட்ரோவரைச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் ஓர் ஆளிடம் விற்றார். இனி வாங்கும் காடிதான் வீட்டுக்கு ஒரே வண்டி.

ஈப்போவில் பழைய காடி வாங்கி விற்கும் மகேன் அவருக்குத் தூரத்துச் சொந்தம். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத பையன், ஆனால் தொழிலில் கெட்டிக்காரன்.

"மாமா, பழைய காடி சேத்து வைக்கிறவன் மினுமினுப்பப் பாக்க மாட்டான். பழசு பழசாவே இருக்கணும். ஃபேக்டரில அடிச்ச அதே பெயிண்ட், அதே இஞ்சின், கை கியர். அந்தக் காலத்துல இத வாங்க முடியாம ஏங்குன பசங்க இன்னைக்கு பெரிய மொதலாளி, தவுக்கேயா இருக்கானுங்கலா. அவனுங்கதான் வெல குடுப்பானுங்க."

தேடியதில் இரண்டு காடிகள் அகப்பட்டன. இரண்டும் டொயோட்டா, இரண்டும் எண்பதுகளில் வந்தவை. ஒன்று, கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு சீனத் தவுக்கேயின் சிவப்பு எம்.ஆர்.டூ. இஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இரண்டே சீட்டு. இன்னொன்று, தானா ராத்தாவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் லெட்சுமணனின் வெள்ளைச் செலிக்கா. ஒருமுறை பெயிண்ட் அடித்தது. பின்னால் குழந்தைகளுக்குச் செய்ததுபோல் ஒரு சின்னச் சீட்டு.

மகேன் செலிக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டு சீட்டுக் காடி, சேத்து வைக்கிறவனோட கண்ணாடி ரூமுக்குள்ள போகும் மாமா. பின்சீட்டு வச்சது பாசாருக்கு, காய்கறி வாங்கத்தான் போகும். இத வாங்கினா போட்ட காசு வந்தாலே பெரிசு."

மலைக் குளிரிலும் பனியிலும் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். டொனால்ட் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சிவப்புக் காடியின் அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தார். துரு இல்லை. பலகை போட்ட கொட்டகையில் நின்ற காடி, பெயிண்டும் பழைய பெயிண்ட்தான். எழுந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "வீட்டுக்குக் கொண்டு போ, ஞாயித்துக்கெழம ஓட்டிப் பாரு, அப்புறம் பேசலாம்" என்று தவுக்கே சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு காலை கத்தரீன் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு ஏறினார். ஏறினார் என்பதைவிட இறங்கினார் என்று சொல்வதே சரி.

"என்னங்க இது, தரையில பாய் போட்டு உக்காந்த மாதிரி இருக்கு!"

டொனால்ட் கியரை மாற்றினார். முதுகுக்குப் பின்னால் இஞ்சின் உறுமுகிறது, கைக்குள் ஸ்டியரிங் சொன்னபடி கேட்கிறது, பக்கத்தில் கத்தரீன் சேலையையும் கொண்டையையும் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். ஒரு ஃபிட்டருக்கு ஆண்டவர் இதற்குமேல் என்ன தர வேண்டும்? மனம் நிறைந்து போயிற்று அவருக்கு.

இரண்டு வளைவு தாண்டியதும் தூறல் போட்டது. எதிரே பாதையோரம் ஒரு கறுப்புக் குடை மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. டொனால்டின் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. நவமணி அக்கா. கொழுந்து எடுத்து எடுத்து முட்டி தேய்ந்துபோன மனுஷி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் "டொனால்ட் பஸ்"ஸில் சர்ச்சுக்கு வருகிறவர். லேண்ட்ரோவரை விற்றதிலிருந்து நடக்கிறார். ஏனப்பா விற்றாய் என்று ஒரு வார்த்தை அவர் கேட்டதில்லை.

காடி நின்றது. அக்கா குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு சீட்டில் டொனால்ட், இன்னொன்றில் கத்தரீன்.

"எங்கடா தம்பி உக்கார்றது, கூரை மேலயா?" என்று சிரித்தார்.

டொனால்டுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெனட் பிறக்கும்போது நடந்ததுதான் நினைவில் வந்து நின்றது. அடை மழை, கத்தரீனுக்கு வலி, கையில் வண்டி இல்லை. ஒரு முட்டைக்கோஸ் லோரிதான் நிறுத்தியது. கொழுந்துக் கூடையை அப்படியே ரோட்டோரம் வைத்துவிட்டு, இந்த நவமணிதான் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்து, கத்தரீனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை வந்தார். தன் தலைத்துணியை அவிழ்த்துக் கத்தரீன் முகத்தில் மழை விழாமல் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஜெனட்டுக்கு அவர் பெரியம்மா.

கத்தரீன் கதவைத் திறந்து இறங்கினார். "ஏறுங்கக்கா, நான் நடந்து வரேன்."

"பட்டுச் சேல கட்டிக்கிட்டா? பேசாம போ."

"நீங்க ஏறுனாத்தான் போவேன்."

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஒரே குடைக்குள் இரண்டு பேரும் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். டொனால்ட் என்ன செய்வார்? விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை, கூட்டிப்போகவும் இடமில்லை. முதல் கியரில் பின்னாலேயே ஊர்ந்தார். வழியில் இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். பின்னால் வந்த லோரிக்காரன் ஹார்ன் அடித்தான். தேயிலை பார்க்க வந்த டூரிஸ்டுகள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். ஊர்வலத்தில் தேர் வரும், இங்கே தேர் மட்டும் காலியாக வந்தது. சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாஸ்டர் பாதிப் பிரசங்கத்தில் இருந்தார். பின்வரிசையில் உட்கார்ந்த டொனால்ட், பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவர் முடிவெடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சிவப்புக் காடியைத் துடைத்து, பெட்ரோல் நிரப்பி, தவுக்கேயிடம் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது அதன் கூரையை ஒருமுறை தடவிப் பார்த்தார். வலிக்கத்தான் செய்தது. செலிக்காவை வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்ட மகேன் போனில் கத்தினான்: "ஒரு நாள் அழுவீங்க மாமா, எழுதி வச்சுக்கோங்க!" ஜெனட் கத்தவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உங்க இஷ்டம்பா" என்றாள். அதற்குப் பதில் அவள் கத்தியிருக்கலாம். மகளுக்குச் சேர வேண்டியதை ஊர் ஆட்களை ஏற்றுவதற்காக விட்டுவிட்டோமோ என்று அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஜெனட் மலையேறி வந்தாள். கூடவே ஒரு சுருள் தடித்த பிளாஸ்டிக்கும் வந்தது. வெள்ளைச் செலிக்காவைச் சுற்றிப் பார்த்தாள். உள்ளே இருந்த பழைய துணிச் சீட்டுகளைத் தடவிப் பார்த்தாள்.

"பெயிண்ட்தான் போச்சு. சீட்டாவது ஒரிஜினலா இருக்கட்டும். இத விரிச்சு வச்சா வெல கொஞ்சமாவது நிக்கும்பா."

முன்சீட்டில் மடிப்பு இல்லாமல் விரித்தாள். டொனால்ட் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார். ஞாயிறு காலை அம்மாவும் மகளும் பின்சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள். முன்சீட்டு காலியாக இருந்தது. யாருக்கென்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்று சரியான மழை. நவமணி அக்காவின் குடை ஒரு பக்கம் சட்டென்று திரும்பிக்கொள்ள, அவர் அதோடு மல்லுக்கட்டியபடி நின்றார். டொனால்ட் நிறுத்திக் கதவைத் திறந்தார். அக்கா காலைத் தூக்கி வைக்கப் போனவர், சீட்டின் மேல் விரித்திருந்த பிளாஸ்டிக்கைப் பார்த்தார். பிறகு, சொட்டச் சொட்ட நனைந்திருந்த தன் சேலையைப் பார்த்தார். காலைக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்க போங்கம்மா. பிளாஸ்டிக்கெல்லாம் போட்டு வச்சிருக்கீங்க, நல்ல சீட்டு, வீணாப் போயிடும். பின்னாடி ஏதாச்சும் லோரி வரும்லா, நான் அதுல வந்துர்றேன்."

அவர் குரலில் துளி வருத்தம் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. டொனால்ட் கண்ணாடியில் மகளைப் பார்த்தார். ஜெனட்டின் முகம் சிவந்து போயிருந்தது. பின்னாலிருந்து எட்டி, பிளாஸ்டிக்கை ஒரு முனையில் பிடித்து இழுத்தாள். அது சீட்டின் இடுக்கில் மாட்டிக்கொண்டது. இன்னும் பலமாக இழுத்தாள். கிழிந்து வந்ததைச் சுருட்டித் தன் காலடியில் போட்டு மிதித்தாள்.

"ஈரம்னா காஞ்சிடும் பெரியம்மா. மழையில நிக்காதீங்க, ஏறுங்க."

நவமணி அக்கா ஏறி உட்கார்ந்தார். சேலையிலிருந்து தண்ணீர் அந்தத் துணிச் சீட்டில் இறங்கியது. டொனால்ட் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். கண்ணீர் கண்ணை மறைத்தது. இப்படி ஒரு மகளைக் கொடுத்ததற்கு, இந்த மனுஷியைக் கொடுத்ததற்கு எப்படி நன்றி சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார், சத்தமாக.

"ஸ்தோத்திரத்த சர்ச்சுல போய்ச் சொல்லிக்கலாம்" என்றார் பின்சீட்டில் நசுங்கிக்கிடந்த கத்தரீன். "இப்பக் கிளட்ச்ச மிதிங்க, என் காலு மரத்துப் போச்சு."